பிரிண்ட் சொதப்பிருச்சா? மறுபடி அடிக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் பார்த்துருங்க

விருதுநகர் பக்கம் சின்னதா ஒரு டிடிபி கடை வச்சிருக்கேன். பில் புக்கு, பிட் நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, பத்திரிகை, துணிப்பை, டி-ஷர்ட், பார்கோடு ஸ்டிக்கர்னு வர்ற ஆர்டர் எல்லாத்தையும் எடுக்கிறது, சின்ன வேலைய கடையிலேயே முடிக்கிறது, பெரிய வேலைன்னா சிவகாசிக்கு அனுப்பி அடிச்சு வாங்கிட்டு வர்றது, இதுதான் பொழப்பு. இத்தனை வருஷத்துல வந்த புகார் எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா சுத்திச் சுத்தி ஒரு பத்து விஷயம்தான், அதுலயும் மெஷின் நிஜமாவே கெட்டுப்போயி வந்தது ரொம்பக் கம்மி. முக்கால்வாசி நேரம் வேலைக்கு ஒத்துவராத முறையில அடிச்சிருப்பாங்க. காட்டன் துணிக்கு சப்ளிமேஷன் (சாயத்த சூட்டுல துணிக்குள்ள ஏத்துற முறை) போட்டிருப்பாங்க, வருஷக்கணக்கா வைக்க வேண்டிய பில்ல தெர்மல் ரோல்ல (சூடு பட்டா கருக்கிற தாள்) அடிச்சிருப்பாங்க, நூறு கார்டுக்கு ஆஃப்செட் பிளேட் (பெரிய பிரஸ் மெஷின்ல மாட்டுற அச்சுத் தகடு) போட்டுட்டு காசு அதிகம்னு புலம்புவாங்க.

கீழ ஒவ்வொரு புகாரா எழுதிருக்கேன். காசு செலவில்லாத காரணம் முதல்ல, பர்ஸ காலி பண்ற காரணம் கடைசில.

## எல்லாத்துக்கும் முன்னாடி: இது எதுல அடிச்சதுன்னு பாருங்க

அடிச்ச கடைக்காரரக் கேட்டா "மல்டிகலர்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாரு. அத நம்பிட்டு இருக்க வேணாம். நகைக்கடையில வச்சுப் பார்ப்பாங்கள்ல அந்த மாதிரி ஒரு லென்ஸ் வாங்கி வச்சுக்கோங்க. லென்ஸ்ல பார்க்கும்போது போட்டோ இருக்கிற இடத்துல புள்ளி புள்ளியா குட்டிக் குட்டிப் பூ மாதிரி அடுக்கி இருந்து எழுத்தோட ஓரம் சுத்தமா இருந்தா ஆஃப்செட். எழுத்தச் சுத்தி மாவு தூவுன மாதிரி துகள் தெரிஞ்சு, சாய்ச்சுப் பார்த்தா எழுத்து மட்டும் லேசா மின்னுச்சுன்னா லேசர். மை நூல் நூலா பேப்பருக்குள்ள ஊறிப் பிசிறடிச்சிருந்தா இங்க்ஜெட். விரலால தடவும்போதே மேடு தட்டுப்பட்டா ஸ்கிரீன் பிரிண்டிங். பில்லு மாதிரி இருந்து, நகத்தால கீறுனா கருப்புக் கோடு விழுந்துச்சுன்னா தெர்மல்.

இது தெரிஞ்சாலே பாதி புகாருக்கு விடை கிடைச்ச மாதிரி.

## கம்ப்யூட்டர்ல பார்த்த கலர் வேற, கைக்கு வந்த கலர் வேற

எங்க கடைக்கு வர்றதுலயே நம்பர் ஒன் புகார் இதுதான்.

எந்த வெளிச்சத்துல பார்க்கிறீங்க? சிரிக்காதீங்க. எல்இடி லைட்டுக்குக் கீழ ஒரு மாதிரி, வாசல்ல கொண்டுபோய் வெயில்ல பார்த்தா வேற மாதிரி தெரியும். ப்ரூஃபையும் (அடிக்கிறதுக்கு முன்னாடி காட்டுற மாதிரித் தாள்) அடிச்ச தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பகல் வெளிச்சத்துல பாருங்க. அப்புறம் போன்ல பிரைட்னஸ ஃபுல்லா வச்சு பார்த்த கலரு பேப்பர்ல எந்தக் காலத்துலயும் வராது, போன் வெளிச்சத்த வெளிய விடுது, பேப்பர் தன்மேல விழற வெளிச்சத்தத் திருப்பித்தான் விடுது.

ஃபைல் ஆர்ஜிபில (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல வெளிச்சக் கலர் முறை) இருக்கா? போன் ஆப்ல டிசைன் பண்ணிக் கொண்டு வர்றதுல பெரும்பாலும் இதுதான். அச்சுக்கு சிஎம்ஒய்கே, அதாவது நீலம், மஜெண்டா, மஞ்சள், கருப்பு நாலு மை. மாத்தும்போது அடி வாங்குற கலர் எதுன்னா பளிச்சுன்னு இருக்கிற நீலம் (பாதி கத்தரிப்பூ கலருக்குப் போயிரும்), நியான் பச்சை, நல்ல ஆரஞ்சு. உங்க லோகோல இந்த மூணுல ஒண்ணு இருந்தா ஆர்டர் கொடுக்கும்போதே சிஎம்ஒய்கேக்கு மாத்திக் காட்டச் சொல்லிருங்க, அப்ப பிடிக்கலைன்னா கலர மாத்திக்கலாம், ஆயிரம் தாள் அடிச்ச பிறகு ஒண்ணும் பண்ண முடியாது.

பேப்பர் மாறிருச்சா? ஒரே மை, ஒரே பிளேட்டு, பூச்சுப் போட்ட ஆர்ட் பேப்பர்ல பளிச்சுன்னு உக்காரும், பூச்சில்லாத மேப்லித்தோ பேப்பர்ல உறிஞ்சி மங்கிரும். நோட்டீஸ் ஆர்ட் பேப்பர்லயும் லெட்டர்ஹெட் பாண்ட் பேப்பர்லயும் அடிச்சிட்டு ரெண்டும் ஒரே சிவப்பா இல்லையேன்னு கேட்டா பதில் பேப்பர்லதான் இருக்கு. மேட் லாமினேஷன் போட்டாலும் கலர் ஒரு படி இறங்கும்.

போன தடவை டிஜிட்டல் (லேசர் மாதிரி பிளேட் இல்லாம அடிக்கிறது), இந்தத் தடவை ஆஃப்செட்டா? இங்கதான் நிறைய பேரு மாட்டுறாங்க. மொதல்ல அவசரத்துக்கு 100 கார்டு டிஜிட்டல்ல அடிச்சிருப்பாங்க, கடை நல்லா ஓட ஆரம்பிச்சதும் 2000 கார்டு ஆஃப்செட்ல போடுவாங்க. அது டோனர் பவுடர், இது மை. ஒட்டி வரலாம், அச்சு அசலா வராது. நான் இப்பல்லாம் ரீஆர்டர்னு யாராவது வந்தா பழைய கார்டு ஒண்ணக் கேட்டு வாங்கி லென்ஸ்ல பார்த்துட்டுத்தான் ரேட்டே சொல்றது.

மத்தவங்க ஜாபோட சேர்த்து அடிச்சாங்களா? விசிட்டிங் கார்டு ரொம்ப சீப்பா கிடைக்குதுன்னா ஒரு பெரிய ஷீட்ல பல பார்ட்டியோட கார்டச் சேர்த்து ஓட்டுறாங்கன்னு அர்த்தம். அதுல உங்க கார்டுக்கு மட்டும் மஞ்சளக் குறைங்கன்னு சொன்னா அதே வரிசையில இருக்கிற அடுத்தவன் கார்டும் மாறிரும், அதனால எவனும் தொடமாட்டான். கலர் முக்கியம்னா தனி ஷீட் கேளுங்க, காசு கூடத்தான் ஆகும். லோகோ கலரு ஒரு இம்மி பிசகக்கூடாதுன்னா அதுக்குன்னு தனியா மை கலந்து ஸ்பாட் கலரா அடிக்கச் சொல்லணும். லெட்டர்ஹெட்ல ரெண்டே கலர்தான்னா இதுல நாலு பிளேட்டுக்குப் பதிலா ரெண்டு பிளேட்டோட முடிஞ்சிரும்ங்கிறது கூடுதல் லாபம்.

எப்ப பிரஸ்காரர கூப்பிடணும்: ஒரே கட்டுக்குள்ள மேல இருக்கிற தாள் ஒரு கலரு, நடுவுல இருக்கிறது ஒரு கலருன்னு இருந்தா. அது ஃபைல் தப்பும் இல்ல பேப்பர் தப்பும் இல்ல, ஓட்டும்போது மையும் தண்ணியும் சரியா வைக்கல. கட்டோட எடுத்துட்டுப் போய் காட்டுங்க, ரெண்டு தாள மட்டும் கொண்டுபோனா "இது சாம்பிள் வேஸ்டுங்க"ன்னு சொல்லிருவாங்க.

## தமிழ் எழுத்து மட்டும் உடைஞ்சு வருது

இங்கிலீஷ் சரியா இருக்கும், தமிழ் மட்டும் நாசமா இருக்கும். எப்படி உடைஞ்சிருக்குன்னு பார்த்தாலே காரணம் தெரிஞ்சிரும்.

மொத்தமும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வருது: பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணிருக்காங்க, அந்த ஃபான்ட் இந்த சிஸ்டத்துல இல்ல. ஃபான்ட்டப் போட்டா சரியாயிரும். வேற ஏதாவது தமிழ் ஃபான்ட்ட மாத்தி வச்சா சரியாகும்னு நினைக்காதீங்க, ஒவ்வொரு பழைய ஃபான்ட்டுக்கும் எழுத்து உக்காந்திருக்கிற இடம் வேற வேற, பாமினில அடிச்சத வானவில்ல மாத்துனா இன்னும் கோரமா வரும். கன்வெர்ட்டர்ல போட்டுத்தான் மாத்தணும், மாத்துன பிறகு ஒரு வரி விடாம படிக்கணும்.

கொம்பு தனியா, புள்ளிவட்டம் தனியா நிக்குது: கெ, கொ, கோ எல்லாம் கொம்பு பின்னாடி போயி விழுந்திருக்கும். இது யூனிகோட் (இப்ப போன்லயும் நெட்லயும் இருக்கிற பொது எழுத்து முறை) எழுத்த யூனிகோட் தெரியாத சாஃப்ட்வேர்ல ஒட்டுனதால வர்றது. பேஜ்மேக்கர் யூனிகோட தெரிஞ்சுக்காமலே ரிட்டயர்ட் ஆன ஆளு, கோரல் டிராவோட பழைய வெர்ஷன்களும் தமிழ கோர்த்துக் காட்டாது, ஆனா எங்க ஊர்ப் பக்கம் இன்னும் நிறைய கடை அதுலதான் ஓடுது. புது வெர்ஷன் இருக்கிற இடத்துல திறந்து கர்வ் பண்ணி (எழுத்த கோட்டுப் படமா மாத்தி) கொடுங்க, இல்லைன்னா மேட்டர பழைய ஃபான்ட்டுக்கு மாத்திக் கொடுங்க.

ஒரே ஒரு எழுத்து மட்டும் கட்டமா வருது: அந்த ஃபான்ட்ல அந்த எழுத்தே கிடையாது. ஸ்ரீ, ஷ, ரூபாய்க் குறி இதுலதான் வழக்கமா மாட்டும். அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் வேற ஃபான்ட்.

கடையில பார்க்கும்போது சரியா இருந்து பிரஸ்ல உடைஞ்சிருச்சுன்னா கர்வ் பண்ணாம அனுப்பிருக்காங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, கர்வ் பண்ணிட்டா அப்புறம் அது எழுத்து இல்ல, படம். அதுல ஸ்பெல்லிங் திருத்த முடியாது. அதனால ஒரிஜினல் ஃபைல் ஒண்ணத் தனியா வச்சிருங்க. ஒருதடவை ஒரு கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ளையோட தாத்தா இனிஷியல் மாறிப்போயி, ஒரிஜினலும் இல்லாம, ராத்திரி பதினோரு மணிக்கு மொத்தப் பக்கத்தையும் திரும்ப டைப் பண்ணவன் நான்.

## எழுத்து மசங்கலா இருக்கு, நிழல் விழுந்த மாதிரி இருக்கு

மசங்கல் வேற, நிழல் வேற. லென்ஸ வச்சுப் பிரிச்சுக்கோங்க.

படிக்கட்டு மாதிரி கட்டம் கட்டமா மசங்கியிருந்தா படம் சின்னது. லோகோவ வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பிருப்பீங்க, அது நசுக்கி அனுப்பிரும், டாக்குமெண்டா அனுப்பணும். கணக்கு ரொம்ப ஈசி, தாள்ல வரப்போற அளவுக்கு ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி வேணும், 3.5க்கு 2 இஞ்சு கார்டுன்னா 1050க்கு 600 பிக்சல். ஃப்ளெக்ஸுக்கு இவ்வளவு வேணாம், தூரத்துலருந்து பார்க்கிறது, 10 அடி பேனர்ல இஞ்சுக்கு 72லருந்து 100 இருந்தாலே ஓடிரும். லோகோ கோரல் ஃபைலாவோ வெக்டர் பிடிஎஃப்பாவோ கிடைச்சா இந்தக் கவலையே இல்ல.

எழுத்துக்கு ஓரத்துல சிவப்பு, நீலம்னு கலர் நிழல் தெரிஞ்சா ரெஜிஸ்டர் விலகல், அதாவது நாலு மையும் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காரல. இதுலயும் மொதல் சந்தேகம் ஃபைல் மேலதான். கருப்பு எழுத்த கருப்பு மை ஒண்ணுல மட்டும் அடிக்காம நாலு மையிலயும் சேர்த்து வச்சிருந்தா, ஒரு முடி அளவு விலகுனாலும் நிழல் தெரியும். கலர் பேக்ரவுண்டுல பொடி எழுத்த வெள்ளையா விட்டிருந்தாலும் இதே கதைதான். ஃபைல் சரியா இருந்து, சில தாள்ல மட்டும் விலகியிருந்தா பேப்பர் ஈரம் இழுத்திருக்கும். சிவகாசில தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வளர்ந்ததுக்கு அது காய்ஞ்ச பூமிங்கிறதும் ஒரு காரணம், ஆனாலும் ஐப்பசி கார்த்திகை மழையில பேப்பர் விரிஞ்சு சுருங்கத்தான் செய்யும். எல்லாத் தாள்லயும் ஒரே அளவு விலகியிருந்தா பிளேட் மாட்டுனதுலயே கோளாறு, அது பிரஸ்காரர் பொறுப்பு, தயங்காம ரீபிரிண்ட் கேளுங்க.

## தேய்ச்சா மை வருது

லேசர்ல அடிச்சதுன்னா. டோனர் பவுடர உருக்கித்தான் தாள்ல ஒட்டுது, உருக்குற ஃபியூசர் 200 டிகிரி கிட்ட சூடாகும். அது சரியா உருகலைன்னா பவுடரா உதிரும். முதல்ல டிரைவர் செட்டிங்க்ல பேப்பர் டைப்பப் பாருங்க, 250 ஜிஎஸ்எம் (தாளோட கனத்தச் சொல்ற அளவு) அட்டையப் போட்டுட்டு பிளெயின்னு விட்டிருப்பீங்க, கனமான பேப்பர்னு மாத்துனா மெஷின் நிதானமா ஓடி நல்லா சூடு கொடுக்கும். ரெண்டாவது பேப்பர், பாக்கெட்ட திறந்து போட்டு ஈரம் இழுத்ததா, இல்ல ஆஃப்செட்டுக்குன்னு வந்த ஆர்ட் பேப்பரானு பாருங்க, புது ரீம் பிரிச்சு ஒரு தாள் போட்டாலே தெரிஞ்சிரும். மூணாவது ரீஃபில் பண்ண டோனர், மலிவு பவுடர் உருகுற சூடு ஒத்துவராம இருக்கலாம், வேற கார்ட்ரிட்ஜ் மாட்டிப் பாருங்க. இத்தனையும் பார்த்தும் உதிர்ந்தா ஃபியூசர். அத நீங்களா கழட்டாதீங்க, சூட்டுல கை வெந்திரும், சர்வீஸ் ஆளக் கூப்பிட்டு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு ஆகும்னு கேட்டுருங்க, சின்ன மெஷின்னா புதுசு வாங்குறதே மேல்னு ஆயிரும்.

இதுல ஒரு கிளைக்கதை: மேடு தட்டுற மாதிரி எம்போஸ் எஃபெக்ட்ல பவுடர் போட்டு சூடு காட்டி லெட்டர்ஹெட் அடிப்பாங்கள்ல, அந்தத் தாள லேசர் பிரிண்டர்ல விட்டீங்கன்னா உள்ள போன சூட்டுல அந்த எழுத்து உருகி ரோலர்ல ஒட்டிக்கும். லெட்டர்ஹெட்ட லேசர்ல ஓட்டப்போறீங்கன்னா ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிருங்க, சாதா ஆஃப்செட்டே போதும்.

ஆஃப்செட்னா பெரும்பாலும் அவசரம்தான் காரணம். காயிறதுக்கு முன்னாடி அடுக்கி வெட்டிக் கட்டிருப்பாங்க, ஒரு தாளோட மை அடுத்த தாள் முதுகுல ஒட்டியிருக்கும். ஒரு நாள் விட்டுப் பாருங்க. அடர்த்தியா கலர் ரொப்புன டிசைனும் மேட் ஆர்ட் பேப்பரும் சேர்ந்தா காஞ்ச பிறகும் தேயும், அதுக்கு வார்னிஷோ லாமினேஷனோ போட்டே ஆகணும்.

இங்க்ஜெட்னா தண்ணி பட்டு கரைஞ்சிருக்கும், இல்ல வழவழப்புப் பேப்பர்ல மை ஊறாம மேலயே நின்னிருக்கும். டேங்க் பிரிண்டர்கள்ல நிறைய மாடல்ல கலர் மை சாய மை, தண்ணிக்குத் தாங்காது. ஸ்வீட் பாக்ஸ் லேபிள், ஃப்ரிட்ஜ்ல வைக்கிற ஜூஸ் பாட்டில் லேபிள் எல்லாம் அதுல அடிக்காதீங்க.

பார்கோடு ஸ்டிக்கர்னா ஸ்டிக்கர் பிரிண்டர்ல மாட்டுற மை ரிப்பன்தான் காரணம். பேப்பர் ஸ்டிக்கருக்கு வேக்ஸ் ரிப்பன் போதும். பிளாஸ்டிக் ஸ்டிக்கர்ல அதப் போட்டா நகம் பட்டாலே வரும், அதுக்கு ரெசின் ரிப்பன்.

## மடிச்ச இடத்துல வெடிச்சு வெள்ளை தெரியுது

மெனு கார்டு, ஃபோல்டர், பத்திரிகை. ஒரு 170 ஜிஎஸ்எம்முக்கு மேல போயிட்டாலே கிரீசிங் (மடிக்கிற இடத்துல அழுத்திக் கோடு போடுறது) போட்டுத்தான் மடிக்கணும், கையால மடிச்சா வெடிக்கும். கிரீசிங் போட்டும் வெடிச்சா பேப்பரோட நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. ஒரு தாளக் கிழிங்க, நேராக் கிழியிற பக்கம்தான் நார் ஓடுற பக்கம், மடிப்பு அதுக்கு இணையா வரணும். குறுக்க வந்தா வெடிக்கும். இதுல டிஜிட்டல் கொஞ்சம் வீக், டோனர் தாளுக்கு மேல தோல் மாதிரி உக்காந்திருக்கிறதால மை ஊறுன ஆஃப்செட்ட விட சீக்கிரம் உடையும். அடர் கலர் மடிப்பு மேல போகாத மாதிரி டிசைன மாத்துறது சும்மா ஆகுற வேலை, லாமினேஷன் போட்டு மடிக்கிறது அடுத்த படி. நார் தப்பாப் போயிருந்தா மறுபடி அடிக்கிறதத் தவிர வழியில்ல, கட்டிங் பிளான் போட்டவர்தான் அதுக்குப் பொறுப்பு.

## பில்லு வெள்ளையாயிருச்சு

தெர்மல் பில். இதுல மையே கிடையாது, சூடு பட்டா கருக்கிற பூச்சு மட்டும்தான்.

புது பில்லே வெள்ளையா வருது: ரோல் தலைகீழா மாட்டியிருக்கு. நகத்தால கீறிப் பாருங்க, கருக்கிற பக்கம் ஹெட்டப் பார்த்து இருக்கணும். பத்துல எட்டு தடவை இதுதான், இதுக்கு சர்வீஸ் ஆள் வந்து விசிட்டிங் சார்ஜ் வாங்கிட்டுப் போறத நானே பார்த்திருக்கேன்.

நெடுக்க வெள்ளைக் கோடு: ஹெட்ல தூசி. மெஷின ஆஃப் பண்ணி ஆற விட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க, கத்தி, ஊசி எதுவும் கொண்டு போகாதீங்க. துடைச்சும் அதே இடத்துல கோடு வந்தா ஹெட்ல அந்தப் புள்ளி எரிஞ்சிருச்சு, ஹெட் மாத்தணும்.

மங்கலா வருது: டென்சிட்டி செட்டிங்க ஏத்துங்க, அப்புறம் ரோல் கம்பெனிய மாத்திப் பாருங்க.

பழைய பில்லு அழிஞ்சுபோச்சு: இதுக்கு வைத்தியம் இல்ல. வெயில், பைக் பெட்டிச் சூடு, எண்ணெய்க் கை, சானிடைசர், முக்கியமா பிவிசி கவர் இதெல்லாம் எழுத்தத் தின்னுரும். பத்திரமா இருக்கட்டும்னு பிளாஸ்டிக் கவருக்குள்ள சொருகி வைக்கிறவங்க பில்லுதான் மொதல்ல அழியுது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகம், ரெக்கார்டு எல்லாம் அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதிலருந்து 72 மாசம் வச்சிருக்கணும், தெர்மல் பில்லு அவ்வளவு நாள் தாங்கும்னு நம்பி உக்காராதீங்க. வாங்குன அன்னைக்கே ஜெராக்ஸ் எடுங்க, ஸ்கேன் பண்ணுங்க. நீங்க விக்கிறவரா இருந்து வாரண்டி உள்ள பொருளுக்கு பில் போடுறீங்கன்னா சின்ன லேசர்ல போட்டுக் கொடுத்துருங்க.

## டி-ஷர்ட் பிரிண்ட் உரியுது, வெளுக்குது

துவைச்சதும் வெளுத்துருச்சு: காட்டன்ல சப்ளிமேஷன் அடிச்சிருக்காங்க. சப்ளிமேஷன் பாலியஸ்டருக்கு மட்டும்தான், அதுவும் வெள்ளை இல்ல வெளிர் கலருக்கு. காலர்ல இருக்கிற லேபிளப் படிங்க. ஸ்போர்ட்ஸ் ஜெர்சிக்கு இத மிஞ்ச ஆளில்ல, காட்டனுக்கு சுத்தமா ஆகாது.

ஓரத்துலருந்து உரியுது: டிடிஎஃப். ஃபிலிம்ல அடிச்சு பசைப் பவுடர் போட்டு ஹீட் பிரஸ்ல (சூடு வச்சு அழுத்துற மெஷின்) ஒட்டுறது. சூடு, அழுத்தம், நேரம் மூணுல ஒண்ணு குறைஞ்சிருக்கு, 150–160 டிகிரில 10லருந்து 15 செகண்ட் வழக்கம். ஆற விட்டு உரிக்க வேண்டிய ஃபிலிம சூட்டோட உரிச்சாலும் ஓரம் தூக்கும். இது ரிப்பேர் ஆகுற விஷயம், மேல டெஃப்லான் ஷீட் வச்சு மறுபடி ஒரு பிரஸ் போட்டா நிறைய தடவை உக்காந்துக்கும். உரியாம இருந்தாலும் உங்க வீட்ல அயர்ன் பண்ணும்போது உள்பக்கமா திருப்பித் தேய்ங்க.

இழுத்தா வெடிக்குது: ஸ்கிரீன் பிரிண்ட், மை சரியா வேகல. பிளாஸ்டிசால் மை அடி வரைக்கும் 160 டிகிரி சூடாகணும். டெலிவரி எடுக்கும்போதே ஒரு டி-ஷர்ட்ட ரெண்டு கையால இழுத்துப் பாருங்க, ஒண்ண வீட்ல ரெண்டு தரம் துவைச்சுப் பாருங்க, அப்புறம் பாக்கிக் காச கொடுங்க.

எதை எதுக்குப் போடுறதுன்னா, திருப்பூர்ல எண்ணிக்கை கூடுன ஆர்டருக்கு இன்னைக்கும் ஸ்கிரீன்தான் ஓடுது, ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன் எக்ஸ்போஸ் பண்ணணும், அந்தச் செலவு எண்ணிக்கை கூடக் கூடக் கரைஞ்சிரும். இருபது பேரு டூர் போறதுக்கு ஆளுக்கொரு பேரோட டி-ஷர்ட்னா டிடிஎஃப். 2019 ஜனவரில பிளாஸ்டிக் பை தடை வந்ததுலருந்து மஞ்சப்பை ஆர்டர் நிறைய வருது, அதுக்கும் ஒத்தைக் கலர் ஸ்கிரீன்தான் சரி, டிடிஎஃப் ஒட்டி விலைய ஏத்தாதீங்க.

## பார்கோடு ஸ்கேன் ஆகல

பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருத்தர் மசாலா பாக்கெட்டுக்கு அழகா டிசைன் பண்ணி, மிளகாய்த்தூளுக்குப் பொருத்தமா பார்கோட சிவப்புல அடிச்சு, பத்தாயிரம் கவர் இறக்கிட்டாரு. சூப்பர்மார்க்கெட்ல ஒண்ணு கூடப் படிக்கல. "மெஷின் ரிப்பேரு தம்பி, நம்ம கவர் நல்லாத்தான இருக்கு"ன்னாரு. மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. கடையில இருக்கிற ஸ்கேனர்ல பெரும்பாலானது சிவப்பு வெளிச்சம் அடிச்சுப் படிக்கும், அந்த வெளிச்சத்துல சிவப்புக் கோடு வெள்ளையாத்தான் தெரியும். வெள்ளை மேல கருப்பு, அத மிஞ்சுன பொருத்தம் இல்ல. கடைசில கவர் மேல கருப்பு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட்டோம்.

கலர் சரின்னா ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற வெத்து இடத்தப் பாருங்க, டிசைனர் அதுல பூ வரைஞ்சிருப்பாரு. அப்புறம் அளவு: 13 நம்பர் பார்கோடு முழு அளவுல வெத்து இடத்தோட சேர்த்து 37.29 மில்லிமீட்டர் அகலம், 80 சதவீதத்துக்குக் கீழ சுருக்கக்கூடாது. படமா இழுத்துச் சுருக்காம பார்கோடு சாஃப்ட்வேர்லயே அளவு கொடுத்து எடுங்க. ஒல்லி பாட்டில்ல சுத்தி ஒட்டும்போது கோடெல்லாம் வளைஞ்சு ஒளிஞ்சுக்கும், பாட்டில நிமித்தி வச்சா ஏணிப்படி மாதிரி படுத்த கோடா தெரியிற மாதிரி திருப்பிப் போடுங்க. மொத்த லாட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தாள எடுத்துட்டு கடைக்குப் போய் நிஜ ஸ்கேனர்ல காட்டிருங்க, போன் கேமரா எதையும் படிச்சிரும், அத நம்பாதீங்க.

## ஆபீஸ் பிரிண்டர்ல கோடு விழுது

ஜெராக்ஸ் எடுத்தா மட்டும் கோடு, கம்ப்யூட்டர்லருந்து கொடுத்தா இல்ல: ஃபீடர் பக்கத்துல இருக்கிற ஒல்லிக் கண்ணாடிப் பட்டையில ஒயிட்னர் பொட்டு ஒட்டியிருக்கும். துணிய வச்சுத் துடைங்க. முடிஞ்சது.

லேசர்ல நடுவுல வெளிறி வருது: டோனர் தீருது, கார்ட்ரிட்ஜக் கழட்டி பக்கவாட்டுல ஆட்டிப் போட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வருது: ஸ்கேல வச்சு இடைவெளிய அளங்க, சின்ன மெஷின்ல 75 மில்லிமீட்டர் வாக்குல இருந்தா பெரும்பாலும் டிரம். கார்ட்ரிட்ஜோடயே டிரம் வர்ற மாடல்னா கார்ட்ரிட்ஜ மாத்துனாப் போதும்.

இங்க்ஜெட்ல குறுக்க வரி வரியா: நாசில் செக் (மைத் துளை அடைச்சிருக்கான்னு காட்டுற டெஸ்ட் பிரிண்ட்) எடுங்க, ஹெட் கிளீனிங் ரெண்டு இல்ல மூணு தடவை, அதுக்கு மேல வேணாம், ஒவ்வொரு தடவையும் மைய வேஸ்ட் பேட்ல கொட்டுது, அந்தப் பேட் நிறைஞ்சா மெஷினே நின்னுரும். ஒரு ராத்திரி சும்மா விட்டு காலையில பாருங்க, பாதி கேஸ் இதுலயே தெளிஞ்சிரும். தெளியலைன்னா ஹெட்ட சர்வீஸ்ல கொடுங்க, சிரிஞ்ச வச்சு தண்ணி அடிக்கிற வீடியோ பார்த்து முயற்சி பண்ணாதீங்க. மாசத்துல பத்து தாள்தான் அடிக்கிறீங்கன்னா உங்களுக்கு இங்க்ஜெட்டே வேணாம், மை காஞ்சு காஞ்சு அடைச்சிட்டே இருக்கும், லேசர் சும்மா கிடந்தாலும் கெடாது.

## 500 கேட்டாலும் 1000 கேட்டாலும் ஒரே ரேட்டு சொல்றாங்க

ஏமாத்தல. ஆஃப்செட்ல மல்டிகலர்னா ஒரு பக்கத்துக்கு நாலு பிளேட், மெஷின் செட் பண்ற நேரம், செட் பண்ணும்போது வீணாகுற தாள், இந்தச் செலவு ஒரு தாள் அடிச்சாலும் உண்டு. டிஜிட்டல்ல தாளுக்கு இவ்வளவுன்னு கணக்கு, பத்துன்னாலும் நூறுன்னாலும் அதே விலை. நான் 300 தாள் வரைக்கும் யோசிக்காம டிஜிட்டல்னு சொல்லிருவேன், 1000னா யோசிக்காம ஆஃப்செட், நடுவுல வர்றதுக்கு ரெண்டு ரேட்டும் கேட்டுக்கோங்க. சீட்டுக்கு சீட்டு பேரு மாறுற சர்டிஃபிகேட்டுன்னா எண்ணிக்கை எவ்வளவா இருந்தாலும் டிஜிட்டல்தான்.

## அடிக்காப்பி விழல

கையால எழுதுற பில் புக்: கார்பன் இல்லாத என்சிஆர் தாள்னா அடுக்குற வரிசை முக்கியம், பைண்டிங்ல ஒரு தாள் தலைகீழாப் போனாலும் அதுக்குக் கீழ எதுவும் விழாது. காசு விளிம்பால மேல் தாள்ல ஒரு கோடு போட்டு எந்தத் தாளோட நிக்குதுன்னு பாருங்க. எல்லா புக்லயும் ஒரே இடத்துல நின்னா பைண்டிங் பண்ணவர்கிட்ட மொத்தத்தையும் திருப்பிக் கொடுங்க.

கம்ப்யூட்டர் பில்: லேசர்லயும் இங்க்ஜெட்லயும் கார்பன் காப்பி வராது, தாள அடிக்கிற மெஷின் டாட் மேட்ரிக்ஸ் மட்டும்தான். லாரி ஆபீஸ்ல எல்லாம் அது இன்னும் கரகரன்னு ஓடிட்டு இருக்கிறது சும்மா இல்ல. அதுலயும் அடிக்காப்பி மங்கலா வந்தா பேப்பர் கனத்துக்குன்னு ஹெட் பக்கத்துல இருக்கிற லீவர ஒரு கட்டம் நகத்துங்க, அப்புறம் காப்பி எண்ணிக்கையக் குறைச்சுப் பாருங்க, அப்புறம் ரிப்பன மாத்துங்க. மெஷின் எண்ணெய் விட்டு ரிப்பன ஊற வைக்கிற பழக்கம் இருந்தா விட்டுருங்க. எல்லா எழுத்துலயும் ஒரே உயரத்துல குறுக்க ஒரு வெள்ளைக் கோடு ஓடுதுன்னா ஹெட்ல ஒரு பின் ஒடைஞ்சிருச்சு. இப்படியே ஓட்டிட்டு இருந்தா ஒடைஞ்ச பின் ரிப்பனக் கிழிச்சு பக்கத்துப் பின்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும், அன்னைக்கே ஹெட்டக் கழட்டி சர்வீஸுக்கு அனுப்பிருங்க.